ஆதார் கார்டு பாத்துதான் டீம் எடுக்கணுமா? டெல்டா டென்னிஸ் பால் பஞ்சாயத்து

தாராசுரம் லெக்பை:
போன வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு மின்னொளி மேட்ச் பாக்கப் போயிருந்தேன். ஊர் பேரு வேணாம், அப்பறம் ஃபோன் பண்ணி திட்டுவானுங்க. ஃபைனல்ல ஆடுன 22 பேர்ல அந்தந்த ஊர்க்காரன் எத்தன பேருன்னு பக்கத்துல டீ வித்தவர்ட்ட கேட்டு கேட்டு எண்ணிப் பாத்தேன், 5 பேரு. மிச்சம் பூரா காசுக்கு வந்தவனுங்க. கேப்டனுக்குத் தன்னோட பவுலர் பேரே தெரியல, "ப்ரோ, அந்த மூணாவது ஓவர் போட்ட ப்ரோ, நீங்க வாங்க ப்ரோ"ங்குறான். நாலு பக்கமும் லைட்டு, யூடியூப் லைவ், கிரிக்ஹீரோஸ் ஆப்ல ஸ்கோர், எல்லாம் இருக்கு, சிரிப்பு மட்டும் இல்ல. ரெண்டு மணி நேரத்துல ஒருத்தன் கூட இன்னொருத்தன மாமான்னு கூப்ட்டு திட்டல.

எங்க தெருவுல அமாவாசைக்கு தறி ஓடாது, அன்னிக்குத்தான் மேட்ச்சு. கீப்பர் பட்டுக்கு சாயம் போடுறவரு, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் ஊதா. கொஞ்சம் வேர்த்தா போதும், அவரு புடிச்ச பந்து ஊதாவாத்தான் திரும்பி வரும். கேட்ச்சா இல்லையான்னு தகராறு வந்தா அம்பயர் பந்த வாங்கி கறை இருக்கான்னு பாப்பாரு, இருந்தா அவுட்டு. ஒருதடவ எதிர் டீம்காரன் "அது போன ஓவர் கறை"ன்னு நின்னுட்டான், அம்பயர் பந்த வேட்டில தேச்சுப் பாத்து "ஒட்டுது, புதுசுதான், கெளம்பு"ன்னாரு. எந்த தேர்ட் அம்பயர்யா இத விட நல்லா பாப்பான்?

என் கட்சி இதுதான். ஆதார் கார்டு பாக்கணும், 11 பேரும் ஒரே ஊரா இருக்கணும், இல்லன்னா அந்த டீம எறக்கக் கூடாது. ஒத்துக்காதவங்க வாங்க.

யார்க்கர் மன்னை:
நான் வரேன். நீங்க சொன்ன அந்த "ப்ரோ" மாதிரி ஆளுதான் நானு. வாரத்துல ஆறு நாளு சென்ட்ரிங் வேலை, சனிக்கிழம ராத்திரி எந்த ஊர்ல கூப்ட்டாலும் போயி பந்து போடுவேன். ஒரு ராத்திரிக்கு 1500, பெட்ரோல் தனி, ஜெயிச்சா பிரியாணி, தோத்தா பரோட்டா. இதுல உங்களுக்கு என்னண்ணே நஷ்டம்?

நம்ம இந்தியா பவுலர் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பால்ல யார்க்கர், அதான் பேட்ஸ்மேன் கால் கிட்ட குத்துற பந்து, போட்டு போட்டுத்தான் மேல வந்தாரு, 2020 கடைசில ஆஸ்திரேலியா போனவரு அந்த ஒரே டூர்ல ஒன்டே, டி20, டெஸ்ட் மூணுலயும் எறங்குனாரு. அவர ஆதார் கார்டு காட்டு, ஊர விட்டு வெளில ஆடாதன்னு சொல்லிருந்தா?

தாராசுரம் லெக்பை:
தம்பி, நடராஜன் பேர எடுக்காம இந்த விவாதத்த ஒருத்தராவது ஆரம்பிக்க மாட்டீங்களா. அவரு லட்சத்துல ஒருத்தரு. நான் பேசுறது மிச்ச ஆளுங்கள பத்தி, 40 வயசுல தொப்பையோட ஸ்லிப்புல நின்னு "நல்லா போடுற, நல்லா போடுற"ன்னு சொல்லிகிட்டே கேட்ச்ச விடுறவர பத்தி. நீ 1500க்கு வந்து நின்னா அவரு எங்க நிக்கிறது?

மைக்செட் மாமா:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. இருபது வருசமா மைக் புடிச்சவன் சொல்றேன், லெக்பை சொல்றதுல பாதி வாஸ்தவம். உள்ளூர் ஆளுன்னா எனக்கு வாயி தன்னால வரும், "இதோ நமது பஞ்சர் கடை அதிபர் களமிறங்குகிறார், நேற்று வாங்கிய ட்யூபுக்கு இன்று காற்று நிற்குமா"ன்னு ஆரம்பிச்சா கூட்டம் சிரிக்கும், அவரும் பேட்ட ஓங்கிகிட்டு என்னைய பாத்து வருவாரு. வெளி ஆளுன்னா என்னத்த சொல்ல, "சிவப்பு ஷூ அணிந்த வீரர்". அவ்ளோதான். ஆனா ஒண்ணு, சிக்ஸுக்கு 100 ரூவா, விக்கெட்டுக்கு 50 ரூவான்னு சீட்டு எழுதி அனுப்புறவங்க பூரா அந்த செவப்பு ஷூவுக்குத்தான் அனுப்புறாங்க. பஞ்சர் கடை மாமாவுக்கு ஒருத்தன் ஒருதடவ 11 ரூவா அனுப்புனான், அதுவும் "சீக்கிரம் அவுட் ஆகவும்"னு எழுதி.

சிராங்கூன் பங்காளி:
சிங்கப்பூர்லேர்ந்து எழுதுறேன், எங்க ஊரு டீமுக்கு ஜெர்சி எடுத்துக் குடுக்குறது நான்தான், அதனால எனக்கும் பேச பாத்தியத இருக்கு. இங்க்லாந்துல லங்காஷயர் லீக்னு ஒண்ணு, 1892லேர்ந்து நடக்குது, பூரா பஞ்சாலை ஊருங்க, நெல்சன், பர்ன்லி, அக்ரிங்டன் இப்புடி. மில்லுல வேலை பாக்குறவன், கடை வச்சிருக்கவன்தான் ஆடுவான். ஆனா ஒவ்வொரு கிளப்பும் ஒரே ஒரு வெளி ஆள சம்பளத்துக்கு வச்சிக்கலாம்னு ரூல். நெல்சன் டீமுக்கு வெஸ்ட் இண்டீஸ்லேர்ந்து லியரி கான்ஸ்டன்டைன் வந்தாரு, 1929லேர்ந்து 1937 வரைக்கும் ஆடுனாரு, அந்த ஒம்போது சீசன்ல ஏழு தடவ நெல்சனுக்குத்தான் கப்பு. விவியன் ரிச்சர்ட்ஸே 1987ல ரிஷ்டன்னு ஒரு குட்டி ஊருக்கு ஆடிருக்காரு. அம்பது அடிச்சா கிரவுண்டுல டப்பா தூக்கிகிட்டு சுத்துவாங்க, கூட்டம் சில்லற போடும். மாமா சொன்ன அந்த 100 ரூவா சீட்டு அங்க நூறு வருசத்துக்கு முன்னாடியே இருந்துருக்கு. ஒரே ஒரு வெளி ஆளு, மிச்சம் பத்தும் உள்ளூரு. இத நம்மளும் வச்சிகிட்டா என்ன?

யார்க்கர் மன்னை:
சூப்பர்ணே, அப்ப நான் கான்ஸ்டன்டைன் 😄

தாராசுரம் லெக்பை:
பங்காளி அருமையான தகவல், ஆனா அது என் கட்சிக்குத்தான் சாட்சி. அதே கான்ஸ்டன்டைன் நெல்சன்ல வீடு புடிச்சு குடும்பத்தோட இருந்தவரு, ஆட்டத்த வுட்டப்பறமும் 1949 வரைக்கும் அங்கயேதான் குடியிருந்தாரு, பின்னாடி லார்டு பட்டம் குடுத்தப்ப பட்டத்துலயே நெல்சன் பேர சேத்துகிட்டாரு. நம்ம கெஸ்ட் பிளேயர் பிரியாணி எலைய மடிக்கிறதுக்குள்ள பைக்க ஸ்டார்ட் பண்றான். எந்த ஊர்ல ஆடுனோம்னு மறுநாளு அவனுக்கே ஞாபகம் இருக்காது.

யார்க்கர் மன்னை:
வீடு புடிக்க 1500 பத்துமாண்ணே.

பொன்மலை கேட்:
நடுவுல ஒரு கேள்வி. உள்ளூருன்னா யாரு? எங்க திருச்சி பொன்மலைய எடுத்துக்கங்க. ரயில்வே வொர்க்ஷாப் நாகப்பட்டினத்துல இருந்தது, 1928ல இங்க மாத்துனாங்க, எங்க தாத்தாவும் அதோட மூட்டைய கட்டிகிட்டு வந்தவருதான். எங்க குவார்ட்டர்ஸ் டீம்ல தெலுங்கு, மலையாளம், ஆங்கிலோ இண்டியன் எல்லாம் உண்டு, "ரன்னு ஓடு"ன்னு நாலு பாஷைல கத்துவாங்க, அதுல எது "ஓடாத"ன்னு புரியாமயே பாதி ரன் அவுட்டு. அங்க ஆதார் கேட்டா என்னத்த கண்டுபுடிப்பீங்க?

தாராசுரம் லெக்பை:
மொதல்ல பொன்மலை டெல்டாவே இல்ல. கல்லணைக்கு மேல இருக்கவங்க இங்க வந்து பேசக் கூடாது.

பொன்மலை கேட்:
தண்ணி எங்க ஊர தாண்டித்தான் உங்களுக்கு வருது, ஞாபகம் இருக்கட்டும்.

மைக்செட் மாமா:
தண்ணிப் பேச்சு வந்துருச்சு, இனி இது முடியாது.

மாடிப்படி ஸ்கோரர்:
பன்னெண்டு வயசுலேர்ந்து எங்க வீட்டு மாடிப்படில ஒக்காந்து ஸ்கோர் எழுதுனவ நான், எதுத்தாப்புலயே வயல். யாரும் எழுதச் சொல்லல, கீழ நடக்குற சண்டைக்கு ஒரு கணக்கு வேணும்ல. பழைய ஆட்டம்னா எல்லாரும் உருகுறீங்க, அந்த ஆட்டம் வருசத்துக்கு எத்தன நாளுன்னு சொல்லுங்க. சம்பா அறுக்க தை, மாசி ஆயிடும், அறுக்குறதுக்கு முன்னாடியே கருதுக்குள்ள உளுந்து வெதச்சிடுவாங்க, அது எடுக்க பங்குனி, சித்திர. அப்பறம் மேட்டூர் தொறக்குற வரைக்குந்தான் வயல் உங்களுக்கு, ஜூன் 12 தேதி தள்ளிப் போனா விவசாயி அழுவாரு, நீங்க உள்ளுக்குள்ள சிரிப்பீங்க. அந்த வெயில்ல களிமண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், பந்து வெடிப்புக்குள்ள போயிடும், கைய விட்டா தேளு இருக்குமோன்னு பயந்துகிட்டு நாலு பேரு சுத்தி நின்னு எட்டிப் பாப்பீங்க, அதுக்குள்ள இவன் ஏழு ரன் ஓடிருப்பான். என் நோட்டுல இருக்கு, "7, வெடிப்பு".

அப்பறம் நாலு பக்கமும் லைட்டு இருக்கு, சிரிப்பு மட்டும் இல்லன்னு சொன்னீங்களே லெக்பை, வெளக்கு வந்தப்பறம்தான் எங்க வீட்டுப் பொம்பளைங்க மேட்ச்சே பாக்குறாங்க. பகல்ல களைக்கும் அடுப்புக்குமா இருப்பாங்க. இப்ப ராத்திரி சோறாக்கி வச்சிட்டு வாசல்ல ஒக்காந்தா லைட்டுல பந்து நல்லா தெரியுது. எங்கம்மா இப்ப நோ பால் கேக்குது.

தாராசுரம் லெக்பை:
அம்மா நோ பால் கேக்குறது நல்ல விஷயம். லைட்ட நான் குத்தம் சொல்லலம்மா, லைட்டுக்குக் கீழ நிக்கிற ஆளத்தான் சொன்னேன். யார்க்கர் தம்பி, உன்கிட்ட நேரா கேக்குறேன், உன் சொந்த ஊர்ல டீம் இல்லையா? அங்க ஆடுறதுதான?

யார்க்கர் மன்னை:
இருக்குண்ணே. "ஒரு ஊர் ஒரு அணி"ன்னு ஃப்ளெக்ஸ்ல பெருசா போடுவாங்க. ஆனா அந்த ஒரு ஊர்ல எங்க தெரு கெடயாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க. சின்னப் புள்ளைல திடல்ல நின்னு பந்து பொறுக்கிப் போட்ருக்கேன், வாய்க்கால்ல விழுந்தா குதிச்சு எடுத்துக் குடுத்துருக்கேன், ஒருநாளு கூட பேட்ட கைல குடுத்ததில்ல. ஆதார்ல எனக்கும் அதே ஊர் பேருதான் போட்ருக்கு. பதினேழு வயசுல நாலு ஊரு தள்ளி ஒரு டீமுக்கு ஆளு பத்தலன்னு கூப்ட்டாங்க, போட்டேன், முதல் பரிசு, ஆட்டுக்கிடாய என் பைக்ல வச்சுத்தான் ஊர் சுத்துனாங்க. இப்ப எங்க ஊர் டீம்காரனே ஃபோன் பண்றான், "நம்ம ஊருக்கு ஆடுறா"ன்னு. நான் ரேட்டு சொன்னேன்.

(நீடாமங்கலம் பக்கம் டீம் எதாவது கூப்ட்டா மட்டும் ரெண்டு தடவ யோசிப்பேன், அங்க ரயில்வே கேட்டுல மாட்டி ஒரு செமி ஃபைனலே போச்சு. அங்கேர்ந்து ஃபோன்ல "டாஸ் தோத்து ஃபீல்டிங் எடுங்க"ன்னு சொன்னேன், கேப்டன் அப்புடியே டாஸ்ல போயி சொல்லிருக்காரு.)

தாராசுரம் லெக்பை:
…

சரி. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல தம்பி. ஆதார் ரூல் போட்டா உனக்கு சாதகமாத்தான வரணும், ஊர் பேரு இருந்தா எடுத்தே ஆகணும்னு வைக்கலாம்னு எழுத வந்தேன், எழுதி அழிச்சிட்டேன். எடுப்பான், எடுத்து பன்னெண்டாவது ஆளா ஒக்கார வைப்பான்.

சிராங்கூன் பங்காளி:
ஜெர்சி குடுக்குறவன்ங்குற மொறைல சொல்றேன், இந்த வருசம் எங்க டீம்ல ரெண்டு தெருவும் இருந்தாத்தான் பணம் அனுப்புவேன். இத வாட்ஸாப்ல போட்டேன், ரெண்டு பேரு குரூப்ப விட்டு வெளியேறிட்டாங்க. போகட்டும், ஜெர்சி ரெண்டு மிச்சம்.

மைக்செட் மாமா:
நானும் ரொம்ப நேரமா அடக்கிகிட்டு இருக்கேன். லெக்பை, உங்க ஊதாக் கை கீப்பரு இருக்காரே, அவருக்கு நான் ஏகப்பட்ட தடவ மைக்குல பட்டம் குடுத்துருக்கேன், "ஊதா மின்னல்"னு. அவரு தாராசுரமே கெடயாதேய்யா, திருபுவனத்துக்காரரு.

யார்க்கர் மன்னை:
ஆஹா

பொன்மலை கேட்:
ஆஹாஹா, கல்லணைக்கு மேலேர்ந்து சிரிக்கிறேன், கேக்குதா

தாராசுரம் லெக்பை:
இருங்கய்யா. அவரு எங்க தெருவுல பொண்ணு எடுத்தவரு. எங்க தெரு மாப்ள. மாப்ள வெளி ஆளு ஆக மாட்டாரு.

மைக்செட் மாமா:
கல்யாணம் எப்ப, மேட்ச்சு எப்ப? அவரு கீப்பிங் பண்ண ஆரம்பிச்சு மூணு வருசம் கழிச்சுத்தான் கல்யாணம். கல்யாணத்துக்கு மைக்செட் என்னுதுதான், தேதி நோட்டுல இருக்கு. அந்த மூணு வருசம் அவரு எந்தக் கணக்கு?

தாராசுரம் லெக்பை:
பொண்ணு பாக்க வந்த கணக்கு.

மாடிப்படி ஸ்கோரர்:
அத நான் ஸ்கோர் நோட்டுல எந்த கட்டத்துல எழுதுறது, எக்ஸ்ட்ராஸ்லயா?

யார்க்கர் மன்னை:
அண்ணே, சட்டம் இப்ப தெளிவாயிடுச்சு. எனக்கும் உங்க தெருவுல ஒரு பொண்ணு பாருங்க, அது வரைக்கும் பாக்க வர்ற கணக்குல எறக்குங்க. காசு வேணாம், பெட்ரோல் மட்டும்.

தாராசுரம் லெக்பை:
பொண்ணு கத கெடக்கட்டும். கடைசி ஓவர்ல எட்டு ரன் வச்சி காப்பாத்துவியா, அத சொல்லு. அடுத்த அமாவாசைக்கு எங்களுக்கும் திருபுவனத்துக்கும் மேட்ச்சு.