புதுப்பிப்பு: சிகாகோவிலிருந்து ஒரே நாளில் பழைய ரூட் 66

சிகாகோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப, அங்கே தொடங்கி மேற்கே போகும் பழைய அமெரிக்க நெடுஞ்சாலையான ரூட் 66-இல் எந்தப் பகுதி நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஓட வேண்டாம், ஜோலியட்டிலேயே பழைய சாலையைப் பிடித்து அட்லாண்டாவோடு (ஜார்ஜியாவில் இருப்பதல்ல, இதே இல்லினாய் மாநிலத்துச் சின்ன ஊர்) திரும்புங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது.

எதிர்பாராதது வில்மிங்டனில். கையில் ராக்கெட்டோடு நிற்கும் ஜெமினி ஜயன்ட் என்ற பிரம்மாண்டச் சிலை பழைய உணவகத்தின் முன் இப்போது இல்லை. 2024-இல் ஏலத்தில் 2,75,000 டாலருக்குப் போய், அதே ஊரில் சவுத் ஐலண்ட் பூங்காவில் நிற்கிறது, அதனால் மேப்பில் பூங்காவைப் போட்டுப் போங்கள்.

அப்புறம் ட்வைட்டில் 1933-இல் கட்டிய டெக்ஸகோ பங்க், ஓடெல்லில் 1932-இன் ஸ்டாண்டர்ட் ஆயில் பங்க். ஓடெல்தான் மனதை அள்ளியது. சின்ன வீடு மாதிரி சரிந்த கூரை, வெள்ளைச் சுவர், நீல விளிம்பு. அன்றைய வண்டி நெரிசலில் ஊர்க்காரர்கள் சாலையைக் கடக்கத் தரைக்கடியில் சுரங்கப்பாதையே போட்டிருக்கிறார்கள், அதன் வாசலையும் தேடிப் பாருங்கள்.

பான்டியாக்கில் அருங்காட்சியகத்தின் பின்சுவரில் இருக்கும் பிரம்மாண்டமான ரூட் 66 சாலைச் சின்னத்தின் கேடய ஓவியத்தை விடாதீர்கள். அட்லாண்டாவில் ஹாட் டாக் ஏந்திய 19 அடி சிலை, சிகாகோ பக்கத்து சிசெரோவிலிருந்து வந்தது, பார்த்துவிட்டு ஐ-55 விரைவுச்சாலையில் திரும்பினால் சரியாக இருக்கும்.