அஸ்தம்பட்டி சொந்தபந்தம் குரூப்: ஸ்னோமொபைல் ஹேண்டில் ஏன் கனமா இருக்கு?

கார்த்தி (ஒன்டாரியோ): மாமா, சுரேஷ் அண்ணா, இருக்கீங்களா? பழைய ஸ்னோமொபைல் ஒண்ணு வாங்கியாச்சு. பனியில ஓடுற வண்டி, முன்னாடி ஸ்கீன்னு ரெண்டு சறுக்குப் பலகை, பின்னாடி டிராக்னு சுத்துற ரப்பர் பெல்ட். திருப்பத்துல ஹேண்டிலை ஒடிக்கவே முடியல, தோள்பட்டை போயிடுது. நேர் பாதையிலயும் வண்டி மூக்கு அங்கயும் இங்கயும் இழுக்குது.

ராஜா மாமா: எந்த வண்டியா இருந்தாலும் முதல்ல முன்பக்கத்தைத் தூக்கி வச்சுட்டு ஒடிச்சுப் பாரு. அந்தரத்துலயே கனமா இருந்தா புஷ் (தண்டு சுத்துற இடத்து உறை), கிரீஸ் கோளாறு. அப்ப லேசா இருந்து, கீழே இறக்கினா கனம்னா பாரம்தான் காரணம்.

சுரேஷ் (ஸ்னோமொபைல் சர்வீஸ், கனடா): மாமா சொன்னதுதான் முதல் வேலை. ஸ்பிண்டில்ல, அதாவது ஸ்கீயைத் திருப்புற தண்டுல, கிரீஸ் நிப்பிள் இருந்தா பழுப்புத் தண்ணி போய் புது கிரீஸ் வர்ற வரைக்கும் அடி. ஹேண்டில் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோற டை ராட் கம்பியோட முனைகள்ல ஆட்டம் இருக்கான்னும் பாத்துக்க.

கார்த்தி: தூக்கிப் பாத்தேன் அண்ணா, ஒரு விரல்ல திரும்புது.

சுரேஷ்: அப்ப ஸ்கீ மேல பாரம் அதிகம். எடுத்த எடுப்புல முன் ஸ்பிரிங்ல கை வைக்காத. பின்னாலேருந்து ஆரம்பி. பின் பம்பரைத் தூக்கி, ஸ்பிரிங் முழுசா விரிஞ்ச நிலையில தரையிலேருந்து பம்பர் உயரத்தை அள. அப்புறம் நீ ஜாக்கெட், ஹெல்மெட்டோட உக்காந்து, யாரையாவது விட்டு மறுபடி அளக்கச் சொல்லு. வித்தியாசம் 50லேருந்து 75 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பல மாடலுக்குச் சரி. உன் மாடலுக்கு மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதைப் பிடி.

சுரேஷ்: 50க்குக் கீழன்னா பின் ஸ்பிரிங் உன் எடைக்கு ரொம்ப டைட். பின்பக்கம் உக்காரவே மாட்டேங்குது, பாரமெல்லாம் ஸ்கீக்குப் போகுது. ஸ்பிரிங் டைட்டை படிப்படியா மாத்துற கேமை ஒரு படி இறக்கு, ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும்.

கார்த்தி: 40தான் வருது!

சுரேஷ்: பாதி வியாதி அங்கயே இருக்கு. அதைச் சரி பண்ணிட்டு டிராக்குக்குள்ள இருக்கிற சென்டர் ஸ்பிரிங்கை ஒரு படி டைட் பண்ணு. டிராக்கோட முன்பகுதி பாரத்தை வாங்கிக்கும், ஸ்கீ லேசாகும். அதுக்கப்புறமும் கனம்னாதான் ஸ்கீ ஷாக் ஸ்பிரிங். முன்பக்கத்தைத் தூக்கி வச்சு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற காலர் வளையத்தை ஒரு சுத்து தளர்த்து. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் நீளம் ஒண்ணா இருக்கணும், கண் மதிப்பு வேண்டாம். ஸ்பிரிங் கையில ஆடுற அளவுக்கு விட்டுடாத.

மணி அத்தை: இத்தனை வேலைக்கு பஸ்ல போயிடலாமேப்பா. இங்க ஏற்காட்டுப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும் 😄

ராஜா மாமா: சுரேஷு, ரொம்ப லேசாக்கிட்டா முன்பக்கம் பிடிக்காதே? ஸ்கூட்டர் பின்சீட்டுல மூட்டை ஏத்திக்கிட்டு ஏற்காடு கொண்டை ஊசியில திரும்பினா வண்டி அகலமா ஓடுற மாதிரி.

சுரேஷ்: அதேதான் மாமா. ஸ்கீ திரும்பியிருக்கும், வண்டி நேரா வழுக்கிட்டுப் போகும். ஐஸ் பாதையில எதிர்ல வர்ற வண்டியில போய் விழுவான். அதனாலதான் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம், உடனே ஓட்டிப் பாக்கணும்னு சொல்றது. திருப்பத்துக்கு முன்னாடியே திராட்டிலைக் குறைக்கவும் பழகணும். திராட்டிலை அழுத்தினா பாரம் பின்னாடி போயிடும்.

சுரேஷ்: கடைசிக் கருவி லிமிட்டர் பட்டை. டிராக்கோட முன்பகுதி எவ்வளவு கீழ இறங்கலாம்னு கட்டுப்படுத்துற பட்டை அது. நீளமாக்கினா ஸ்கீ லேசு, குட்டையாக்கினா கனம். பட்டை ரெண்டு இருந்தா ரெண்டையும் ஒரே ஓட்டைக்கு மாத்து. மாத்தினதும் டிராக் டென்ஷனைப் பாக்காம ஓட்டாத.

கார்த்தி: மூக்கு இழுக்கிறதுக்கு?

சுரேஷ்: அது தனி வியாதி. ஸ்கீக்கு அடியில கார்பைடு கம்பி இருக்கும், பாரு. ஐஸைக் கடிக்க கெட்டியான உலோகம் பதிச்ச கம்பி. 4 இன்ச், 6 இன்ச், 8 இன்ச்னு வரும். நீளம் கூடக் கூட கடியும் கூடும், ஹேண்டிலும் கனக்கும். டிராக்ல ஆணி இல்லாத வண்டிக்கு 8 இன்ச் தேவையே இல்லை, பழைய ஆள் மாட்டியிருந்தா கழட்டி 4 போடு. முன்னாடி போன வண்டிங்க போட்ட தடத்துல கார்பைடு மாட்டிக்கிட்டுதான் மூக்கு அலையுது.

சுரேஷ்: அலைன்மென்ட்டும் பாரு, அதாவது ரெண்டு ஸ்கீயும் எந்தப் பக்கம் பாக்குதுன்னு. ஹேண்டிலை நேரா கட்டு. ஸ்கீ முனை ரெண்டையும் ரப்பர் கயிறு போட்டு இழுத்துப் பிடிச்சா டை ராட் ஆட்டம் கணக்குல வராது. கார்பைடு கம்பிக்குக் கம்பி, ஸ்கீயோட முன்னாடியும் பின்னாடியும் அள. முன்பக்க அளவு 3லேருந்து 6 மில்லிமீட்டர் அதிகமா இருக்கணும்.

ராஜா மாமா: டோ-அவுட்டா, மூக்கு வெளிப்பக்கம் பாக்கிற மாதிரியா? நம்ம ஜீப்புக்கு உள்பக்கம் பாக்கிற டோ-இன்தானே வைப்போம்.

சுரேஷ்: டயர் உருளும் மாமா, ஸ்கீ உழும். மூக்கு உள்ள பாத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து உழுது, கொஞ்சம் மேடு பட்டாலும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம வண்டி அலையும். லேசா வெளியில பாத்தா ரெண்டு பக்க இழுவையும் ஈடாயிடும்.

ராஜா மாமா: சரி. டை ராடைச் சுத்தறப்ப மரை வெளியில எவ்வளவு தெரியலாம்னு மேனுவல்ல பாத்துக்க கார்த்தி. மரை போதுமான அளவு உள்ள இல்லைன்னா குலுங்கலுக்குக் கழண்டுக்கும். லாக் நட்டை மறந்துடாத.

கார்த்தி: சனிக்கிழமை கேமை இறக்கிட்டு மறுபடி அளந்து போடறேன்.

சுரேஷ்: அளக்கறதுக்கு முன்னாடி கார்பைடு போட்டோ அனுப்பு. நடுவுல தேஞ்சு தட்டையாயிருந்தா வேற எதை மாத்தியும் பலன் தெரியாது.