வெயிலில் வெந்துகொண்டே ஆண்டு இறுதிப் பயணத்துக்கு அறை போடலாமா?

கேள்வி:
எங்கள் வீடு மேல்தளம். மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது, கை வைக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளியே அனுப்பவும் வழியில்லை. சின்னவள் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்திருக்கிறாள், அந்த இடம் சூடானதும் ஒரு முழம் நகர்ந்து மறுபடி படுக்கிறாள். மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கேட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறார், ஆனால் நடு இரவில் எழுந்து பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

நேற்று இரவு தூக்கம் வராமல் நானும் கணவரும் டிசம்பர் விடுமுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். எங்கேயாவது நல்ல உயரமான மலையில், போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற மாதிரி ஒரு வாரம். இப்போதே அறை போட்டுவிடலாம் என்கிறார் அவர். எனக்கும் ஆசைதான். ஆனால் இத்தனை மாதம் முன்னாடியே பணம் கட்டலாமா? அப்புறம், அதுவரை இந்த வீட்டை எப்படிக் கொஞ்சமாவது ஆற வைப்பது?

பதில் 1:
முதலில் வீடு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கின சூட்டை இரவில்தான் கீழே இறக்கும், அதனால்தான் பத்து மணிக்கு மேலும் அறை தகிக்கிறது. வெயில் விழுகிற ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே ஒரு தட்டியோ கெட்டித் துணியோ கட்டுங்கள், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரையால் முழுக்கத் தடுக்க முடியாது. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்வரை ஜன்னலை மூடியே வையுங்கள், இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஈரத் துணி தொங்கவிடுவது வறண்ட காற்றில்தான் பலன் தரும், புழுக்கத்தில் இன்னும் பிசுபிசுக்கும்.

உங்கள் மாமியாரை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வயதானால் தாகம் தெரிவது குறையும், வியர்ப்பதும் குறையும். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள், நீங்களே தம்ளரைக் கையில் கொடுங்கள் (இதய, சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, வியர்வையைத்தான் காய வைக்கிறது. அறை 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் அது அனல்காற்றைத்தான் மேலே அடிக்கும். அப்போது ஃபேனை நிறுத்திவிட்டு, கழுத்தையும் கைகளையும் ஈரத் துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பதில் 2:
பயணம் பற்றி நான் சொல்கிறேன், இதே தவற்றைச் செய்தவன். ஒரு கோடையில், வேர்த்து வழிந்துகொண்டு, டிசம்பருக்கு ஒரு மலையூரில் அறை போட்டேன். மலையில் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். 2000 மீட்டர் உயரம் என்றால் கீழே இருப்பதைவிட 13 டிகிரி குறைவு. கோடையில் அது சொர்க்கம், ஆனால் நான் போனது குளிர்காலத்தில். அப்பாவின் முழங்கால் மரத்துப்போய், மூன்று நாளும் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் ஓரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களை வழியனுப்பினாரே, அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள், ஊரை இப்போது முடிவு செய்யாதீர்கள். அறையைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வருகிற அறையாகப் பாருங்கள், எந்தத் தேதிவரை ரத்து செய்யலாம் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மலிவாகத் தெரிகிற அறைகளில் பல, பணம் திரும்பாத வகைதான். தரைத்தள அறையா, லிஃப்ட் உண்டா, வெந்நீர் எந்நேரமும் வருமா, இதையெல்லாம் நேரில் பேசிக் கேளுங்கள்.

பதில் 3:
ஒன்றே ஒன்று. வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பிள்ளைகளுடையது சீக்கிரமே காலாவதியாகிவிடும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மேற்கு ஜன்னலுக்கு வெளியே பழைய படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டோம், மாலையில் அந்த அறையில் உட்கார முடிகிறது. பதில் 2-ஐப் படித்ததும் மாமியாரிடம் போய், "உங்களுக்கு எங்கே போகப் பிடிக்கும் அத்தை?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாருமே அவரைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடல் பக்கமாகப் போகலாம், நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், நீங்கள் எல்லாம் சுற்றிவிட்டு வாருங்கள்" என்றார். மலையை விட்டுவிட்டோம். கரைக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் அறை தேடுகிறோம்.