புதுப்பிப்பு: போர்ஷே டைகானா, ஃபோக்ஸ்வேகன் கேடியா?
அப்பாவையும் அவருடைய மடக்கு சக்கர நாற்காலியையும் ஏற்றிச் செல்ல போர்ஷே டைகான் டர்போ எஸ் என்ற அதிவேக மின்சாரக் கார் ஒத்துவருமா, ஃபோக்ஸ்வேகன் கேடி என்ற வேன் போன்ற வண்டிதான் சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கேடியையே வாங்கிவிட்டோம்.

முடிவெடுக்க உதவியது, எண்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு அப்பாவையும் நாற்காலியையும் கொண்டுபோய் இரண்டிலும் ஏற்றிப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். டைகானின் 800 வோல்ட் மின்னமைப்பும், மூன்று விநாடிக்குள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் ஆற்றலும் வியக்கவைப்பவை. ஓட்டிப் பார்த்தபோது உணர்ந்த அந்த அமைதி இன்னும் மனத்தில் நிற்கிறது. ஆனால் அதன் தாழ்வான இருக்கையில் அமர, அப்பா கதவின் விளிம்பைப் பிடித்துத் தலையைக் குனிந்து, வலது முழங்காலை இரு கைகளாலும் உள்ளே தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பின்புறமுள்ள 366 லிட்டர் இடத்தில், சக்கரங்களைக் கழற்றிய பிறகே நாற்காலி அடங்கியது. கேடியில் நகர்கதவைத் தள்ளியதும் அவரே ஏறி அமர்ந்துகொண்டார். நாற்காலியை மடித்த நிலையிலேயே நிறுத்தி வைக்க முடிந்தது.

நான் எதிர்பாராதது, மேல்நோக்கித் திறக்கும் பெரிய பின்கதவுக்கு வண்டியின் பின்னால் தேவைப்படும் இடம். சுவரை ஒட்டி நிறுத்தினால் அதைத் திறக்கவே முடிவதில்லை. இதே தேவைக்காகத் தேடி வருவோர், பக்கவாட்டில் திறக்கும் இரட்டைப் பின்கதவு கிடைக்குமா என்று முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.