குழந்தைப் போர்வை அட்டை மாதிரி விறைக்கிறது, எங்கே தப்பு?

நகரி மருமகள்:
மாமனாரின் குழித்தறி ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. நாத்தனார் பிள்ளைக்குப் போர்வை நெய்யலாமென்று 2/20 பருத்தி நூலில் 36 அங்குல அகலத்துக்குப் பாவு (நீளவாட்டு இழைகள்) போட்டேன். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு 48 அச்சு, பல்லுக்கு இரண்டு இழை. குறுக்கே போகும் ஊடையும் அதே நூல்; ஒன்று மேலே, ஒன்று கீழே போகும் சாதா நெசவு. ஒரு முழம் நெய்தேன், விறைத்து நிற்கிறது. பக்கத்து வீட்டம்மா விரலால் சுண்டிவிட்டு, "அட்டலா உந்தி" (அட்டை மாதிரி இருக்கு) என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நூல் மட்டமா, கஞ்சி அதிகமா?

புத்தூர்க்காரன்:
துவைத்தால் சரியாகிவிடும். துணியை மெதுவாக்க ஒரு திரவம் விற்கிறார்கள், அதில் முக்குங்கள்.

பழைய தறி:
அதெல்லாம் வேண்டாம்மா, பிள்ளை வாயில் வைத்துச் சப்பும். துவைத்தால் கஞ்சிதான் போகும், நெருக்கம் போகாது. 48 அச்சு என்றால் இரண்டு அங்குலத்துக்கு 48 பல். பல்லுக்கு இரண்டு போட்டதால் அங்குலத்துக்கு 48 இழை நிற்கிறது. 2/20 நூல் என்றால் 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஒற்றை 10-ஆம் நம்பர் தடிமன், ஊடை நுழைய இடமெங்கே? ஸ்கேலில் நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் ஓர் அங்குலம் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதிதான் சாதா நெசவுக்கு. போர்வைக்கு இன்னும் நாலைந்து குறைக்கலாம்.

நகரி மருமகள்:
64 சுற்று வந்தது அண்ணா. பாதி 32, நான் போட்டது 48! பல்லுக்கு ஒன்றாக மாற்றினால் இந்தப் பாவு 72 அங்குலம் விரியுமே, தறியே 50தான். அறுத்துப் போடணுமா?

பழைய தறி:
எதுக்கு? பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது நாலு இருந்து, 1, 2, 3, 4 என்று வரிசையாகக் கோத்திருந்தால் மிதிக் கட்டையின் கட்டு மட்டும் மாற்றுங்கள். 1-2, 2-3, 3-4, 4-1 என்று இரண்டிரண்டு விழுதாக மிதித்தால் ட்வில் (சாய்கோட்டு நெசவு) விழும். ஊடை இரண்டிரண்டு இழை தாண்டிப் போவதால் துணி துவளும். 48 அதற்கும் கொஞ்சம் நெருக்கம்தான், பரவாயில்லை. ஊடையை நெருக்கும் பலகையை ஓங்கி அடிக்காதீர்கள், மெதுவாகக் கொண்டுபோய் வையுங்கள். அடுத்த பாவுக்கு இதே அச்சில் பல்லுக்கு ஒன்று.

நகரி மருமகள்:
நாலு விழுதுதான்! ஒரு சாண் நெய்தேன், மடித்தால் மடிகிறது. கோடு சாய்ந்து வருவதைப் பார்த்து மாமனார் திண்ணையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். இப்போது மிதி அவர் காலில், நான் ஊடை நூலைத் தாரில் (சின்னக் குழலில்) சுற்றுகிறேன். ஓரத்தில் குஞ்சம் விடலாமா?

பழைய தறி:
விடாதீர்கள், பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். மடித்துத் தைத்துவிடுங்கள். அப்புறம், வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்த பிறகுதான் பிள்ளைக்கு.