புதுப்பிப்பு: குன்னூர் தட்டுகள் பாட ஆரம்பிச்சாச்சு

தாத்தாவோட இசைத்தட்டுகளைக் கணினியில ஏத்தணும், ஆனா சத்தம் தகர டப்பா மாதிரி கம்மியா, பாஸே (அடித்தொனி) இல்லாம வருதுன்னு கேட்டிருந்தேனே, தீர்ந்தது. ஃபோனோ ப்ரீஆம்ப் (தட்டு ஓட்டுற கருவியிலிருந்து வர்ற மெல்லிய சிக்னலை ஏத்திக் கொடுக்குற கருவி) இல்லாததுதான் விஷயம். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைச்சு ட்ரெபிளை (உச்சத்தொனி) ஏத்திடுவாங்க (இந்த அளவுமுறைக்குப் பேர் ஆர்ஐஏஏ வளைவு), ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிபண்ணுது. மாட்டினதும் மிருதங்கத்தோட தொப்பி (அடித்தொனி தர்ற இடது பக்கம்) 'தொம்'முன்னு விழுந்துச்சு பாருங்க! சொன்னவங்களுக்குக் கோடி நன்றி.

அடுத்தது பூஞ்சை. நம்ம மலை ஈரத்துல அட்டையைத் தாண்டித் தட்டு மேலயே பூத்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, பள்ளம் போற வாக்கிலேயே துடைப்பு, லேபிள் நனையாம. ஒருத்தர் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சொல்லியிருந்தார். 78 தட்டுக்கு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு) அது வேண்டவே வேண்டாங்க. அந்தத் தட்டு வினைல் இல்ல, அரக்கு, ஆல்கஹால்ல கரைஞ்சிடும்.

பதிவு ஆடாசிட்டிங்கற ஒலிப்பதிவு மென்பொருள்ல, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்துல. கீறல் சத்தத்தை நீக்குற ஃபில்டரை லேசாத்தான் போடறேன். கூடினா மிருதங்கச் சாப்பு (வலது பக்கத்துக் கணீர்னு வர்ற அடி) மழுங்குது. அதுக்குக் கீறலே தேவலாம்.

78-க்குப் பள்ளம் அகலம், ஊசியும் தடிமனா வேணும். கோயம்புத்தூர்ல எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.