புதுப்பிப்பு: சர்க்கரையை நிறுத்திப் பார்த்தோம்

ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு) உள்ள என் எட்டு வயது மகனுக்குச் சர்க்கரையை நிறுத்தினால் துறுதுறுப்பு அடங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிறுத்தினோம். அடங்கவில்லை, வீட்டில் சண்டைதான் கூடியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சர்க்கரை நடத்தையை மாற்றுவதில்லை என்று 1995லேயே சொல்லிவிட்டார்களாம், தருமபுரியில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொன்னார்.

செயற்கை நிறம் வேறு கதை. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வில் சில குழந்தைகளுக்குத் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது தெரிந்தது. அதனால் கலர் மிட்டாய் மட்டும் கட்.

ஏடிஹெச்டிக்காக அவன் சாப்பிடும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை மதியப் பசியைக் கொன்றுவிடுகிறது. எனவே மாத்திரைக்கு முன்பே ராகிக் களியும் கீரைக் குழம்பும். மாலையில் பசி திரும்பியதும் முட்டை, வேர்க்கடலை. (களியைத்தானே நான் முதலிலிருந்தே சொன்னேன் என்று மாமியாருக்கு ஒரே பெருமை.)

அப்புறம், சாப்பாடு மட்டும் போதாதா என்று கேட்டவர்களுக்கு: மாத்திரையை நிறுத்த டாக்டர் சம்மதிக்கவில்லை.